வெளிப்பக்கம் திறக்கும் கதவு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று தனிக் கழிப்பறை உண்டு. இந்த மாடியில் சக்கர நாற்காலியில் வருகிறவள் நான் ஒருத்திதான். ஆனால் அதில் குடியிருப்பவை அட்டைப்பெட்டிகள். அதனால் பகலில் நான் தண்ணீர் குடிப்பதில்லை, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

நேற்று வசதிகளைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். பெட்டிகளை வெளியே எடுத்து, பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள். அதிகாரிகள் கிளம்பியதும், விட்டால் கிடைக்காது என்று நான் உள்ளே போனேன். விதிப்படி அந்தக் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். நான் உள்ளே இருப்பது தெரியாமல், சாப்பிட்டு வந்து உள்ளே வைக்கலாம் என்று பெட்டிகளைக் கொண்டுவந்து கதவை ஒட்டி வெளியே அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். தள்ளினேன், தட்டினேன், கத்தினேன். எல்லாரும் சாப்பிட்டு வந்த பிறகுதான் ஸ்டோர்க்காரர் காதில் விழுந்தது.

“ஐயையோ, உள்ள ஆள் இருக்கா? இதுக்குள்ள யாரும்மா போகப் போறாங்கன்னுல்ல நினைச்சேன்!” என்றார். தினமும் என்னைப் பார்க்கிறவர்தான்.

நானும் சிரித்து வைத்தேன். வேலை வேண்டுமே, அப்பா. இன்று பெட்டிகள் பழையபடி உள்ளே போய்விட்டன.

பீரோவில் உங்கள் கண்டக்டர் விசில் கிடந்தால் அனுப்பி வையுங்கள். ஒரு தடவை ஊதினால் பஸ் நிற்கும், இரண்டு தடவை ஊதினால் கிளம்பும் என்பீர்கள். எத்தனை தடவை ஊதினால் கதவைத் திறப்பார்கள் என்று ஊதிப் பார்க்கிறேன்.

மேனேஜர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்