பாலம்மா வீட்டு மண் தரை

மடுல்கெல்ல,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் சுதேசுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ருமேனியாக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா என்பதுதான் கவலை. அப்பாவின் மூட்டுவலி பரவாயில்லை, எனக்குத்தான் மனசே சரியில்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளை ஆராய்கிறார்கள். இந்தியாவிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிய முதல் ஆட்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று மண்ணைத் தோண்டிப் பார்க்கிறார்களாம். புது வீடுகள் வந்ததும் லயத்தை இடிக்கப்போகிறார்கள் அல்லவா, ஒரு காம்பரா வீட்டை மட்டும் இடிக்காமல் காப்பாற்றி, அந்தக் குடும்பத்தின் பேரைப் பலகையில் எழுதி வைக்க நம் ஊர்ச் சங்கமும் முடிவு பண்ணியிருக்கிறது. யார் பேர்? பக்கத்துக் காம்பரா பாலம்மா பேர்! ஒழுகுகிற தகரத்தை மாற்றத் துப்பில்லாதவள்!

காரணம் அவள் வீட்டு மண் தரை. வந்தவர்களில் சப்னா என்ற பிள்ளை ஓர் ஓரத்தை வெட்டிக் காட்டினாள், வெள்ளிக்கு வெள்ளி சாணம் மெழுகியது ஏடு ஏடாகப் படிந்து கிடக்கிறது. அடி ஏடு பாலம்மாவின் பூட்டி கை பட்டதாக இருக்கலாம் என்றதும் பாலம்மாவுக்கு வந்த மிதப்பைப் பார்க்கவேண்டுமே. நம் வீட்டிலும் அதே தரைதானே இருந்தது, உன் அப்பாயி மெழுகியது, அவள் மாமியார் மெழுகியது. நீ அனுப்பிய காசில் டைல்ஸ் பதித்தபோது நானே நின்று கொத்தச் சொல்லிப் போஞ்சிப் பாத்தியில் கொட்டினேன். அன்றைக்குப் பாலம்மா எட்டி எட்டிப் பார்த்தாள், எனக்கு மனசு குளிர்ந்துபோயிருந்தது.

விட்டேனா? பாத்தியைக் கிளறி ஒரு மண்கட்டி எடுத்துக்கொண்டு போனேன், அதிலும் ஏடு நன்றாகத் தெரிகிறது. அந்தப் பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்துலயே இருந்தாத்தான் ஆன்ட்டி எங்களுக்கு ஏதாவது சொல்லும், பேர்த்து எடுத்தா ஒண்ணும் செய்ய ஏலாது என்று கையில் கொடுத்துவிட்டாள். பாலம்மா வாசலில் நின்று எல்லாம் கேட்டாள். சிரித்திருந்தால்கூட நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அவளோ வா அக்கா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்கிறாள். உள்ளே அவள் மகன் ஜெயராஜ் வேலை விட்டு வந்து அந்த மண் தரையில் சம்மணம் போட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தான். மறைப்பானேன் மகனே, அங்கேதான் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பலகையை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். ஒரு குறையும் இல்லாமல் நல்லா இரு சாமி. மறந்துவிடாதே, இனி வீட்டுக்கென்று ஒன்றும் அனுப்பவேண்டாம், டிக்கெட்டுக்குச் சேர்த்து வை.

உன் அம்மா,
அன்னலட்சுமி