தொட்டியில் ஊறிய விதை

ஸ்ரீ விட்டலன் துணை

பிம்பள்தரி,
ஜூன் 16

வணக்கத்துக்குரிய உங்களுக்கு மந்தாகினி தலை வணங்கி எழுதுவது.

நானும் சுலபாவும் சுகம். அங்கே பனி எப்படி? முழங்கால் வலிக்குப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அதையும் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தானம் பண்ணிவிட்டீர்களா?

மாமா முந்தாநாள் ஆளந்திக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கிருந்து யாத்திரைப் பல்லக்கோடு பண்டரிபுரம் வரை நடை. இந்த வருஷம் வேண்டாம், விதைப்புக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "நீதான் இருக்கியே மருமகளே, எனக்கென்ன கவலை" என்று தாளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். ஏகாதசி முடிந்துதான் வருவார்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சோயா நன்றாக வந்துவிட்டால் பட்டாளத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கக் கையெழுத்துப் போட மாட்டேன், பென்ஷன் வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு முன்னால் வீட்டோடு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைச் சுலபாவுக்கும் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவள் தீபாவளி எப்போது என்று காலண்டரைக் கிழிக்காத குறைதான். ஜூலை கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். அதற்குள் பயிர் முழங்கால் உயரம் வந்துவிடும். பார்த்துச் சொல்கிறேன்.

மிருகசீரிட நட்சத்திர மழை நல்ல நாளில் பெய்தது. மண் உருண்டை பிடித்தால் பிடித்தபடி நிற்கிறது. நாளைக்கு விதைப்பு. விவசாய உதவியாளர் பிராஜ்தார் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் போட்டு, விதையை மருந்து கலக்காமல் போடாதீர்கள் என்று சொன்னார். விதையில் தண்ணீரைத் தெளித்து, சிவப்புத் தூளைப் போட்டுப் புரட்டி, அப்புறம் அந்தக் கருப்புப் பாக்கெட்டை வெல்லத் தண்ணீரில் கரைத்துப் பூச வேண்டுமாம். அது வேரில் முடிச்சுப் பிடிக்க வைக்கிற நுண்ணுயிராம். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த நினைப்பில் நான் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

சும்மா தெளித்தால் விதைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றியது. சோள விதையை நாம் ராத்திரி முழுக்கக் கோமியத்தில் ஊறப்போட்டுத்தானே விதைக்கிறோம்? எப்படி வரிசை பிசகாமல் முளைக்கிறது! அதே மாதிரி நம் மூன்று மூட்டையையும் இந்துவின் ஒரு மூட்டையையும் சிமெண்டுத் தொட்டியில் கொட்டிக் கோமியம் கலந்த தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கோண்டாபாய் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இவ்வளவு ஊறப்போட்டிருக்கே, ஊருக்கே முளைப்பயறு உசல் பண்ணிப் போடப் போறியா?" என்று கேட்டாள். வாயைப் பிடுங்குவதே அவள் வேலை.

தன் மூட்டையைக் கொட்டுவதற்கு முன்னால் இந்துவும் ஒரு மாதிரி நின்றாள். "அக்கா, என் மூட்டையைக் காஞ்சபடியே குடுத்துடேன், போன வருஷம் அப்படித்தானே போட்டேன்" என்றாள். உங்கள் தம்பி கண்ணை மூடியதிலிருந்து அந்த ஓர் ஏக்கரை வைத்துக்கொண்டு அவள் படுகிற பாடு எனக்குத் தெரியாதா? அவளுக்கும் சேர்த்து நல்லதாகச் செய்யத்தானே நான் நினைக்கிறேன். "அதனாலதான் போன வருஷம் உன் வயல் சொட்டையா இருந்துச்சு. பேசாம இரு" என்றேன். கோண்டாபாய் சிரித்தாள். இந்து அவள் மூட்டையையும் தொட்டியில் கவிழ்த்தாள்.

அடுத்த கடிதத்தில் நல்ல சேதி எழுதுவேன். ஏகாதசி விரதத்தை உங்களுக்கும் சேர்த்து நானே இருந்துகொள்கிறேன். நீங்கள் வயிற்றுக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பாதம் பணியும்
மந்தாகினி

*

ஸ்ரீ விட்டலன் துணை

பிம்பள்தரி,
ஜூன் 28

உங்களுக்கு மந்தாகினி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

சுலபா நான்காம் வகுப்புக்குப் போகிறாள். புதுச் செருப்பு கடிக்கிறது என்று கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறாள். எருமை கன்று போட்டது, கிடாரிதான். மாமாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. காலில் கொப்புளமாம், ஆனால் எழுத்தில் குஷி தெரிகிறது.

வயல் விஷயத்தை எழுத வேண்டும் என்று நாலு நாளாகக் காகிதத்தை எடுக்கிறேன், வைக்கிறேன்.

முளைக்கவில்லை.

விடிந்து தொட்டியைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு விதையும் இரண்டு பங்கு உப்பி, தோல் சுருங்கி, கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு கழன்றது. சிவப்புத் தூளைப் போட்டால் சேறு மாதிரி அப்பிக்கொண்டது, பாதி விதையில் ஒட்டவே இல்லை. விதைக்கலப்பையின் குழாயில் இறங்காது என்று மொட்டை மாடியில் நல்ல வெயிலில் கொட்டிக் காயவைத்தேன். கருப்புப் பாக்கெட்டையும் அதோடேயே கலந்துவிட்டேன். காய்ந்ததும் பழைய மாதிரி ஆகிவிட்டது என்று நினைத்தேன். மேலுக்குத்தான் பழைய மாதிரி.

ஆறாம் நாள் போய்ப் பார்த்தேன். ஏழாம் நாளும் போனேன். எட்டாம் நாள் உட்கார்ந்து விரலால் கிளறினேன். சில விதை கூழாகிக் கிடந்தது. சிலது முளைவிட்டு, கழுத்து வளைந்து, மண்ணைத் தூக்க மாட்டாமல் நின்றது. மேலே வந்ததிலும் பருப்பு இரண்டும் பிளந்து, நடுவில் குருத்தே இல்லை. மொட்டைத் தலையாக நிற்கிறது. இந்துவின் வயலிலும் அப்படியே.

அவள் வயலின் கடைசி இரண்டு வரிசை மட்டும் பச்சையாக இருந்தது. எப்படி என்று கேட்டேன். விதை பற்றவில்லையாம். கோதுமையோடு சேர்த்து அரைக்க வைத்திருந்த சோயாவை டப்பாவிலிருந்து எடுத்துக் காய்ந்தபடியே தூவியிருக்கிறாள். அதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை. "விடுக்கா, மழை சரியில்ல" என்றாள். மழை சரியாகத்தான் இருந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து சோறு இறங்கியிருக்கும்.

பிராஜ்தார் சைக்கிளில் அந்த வழியாக வந்தார். வயலைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, ஊறப்போட்டீங்களா?" என்று முதல் கேள்வியே அதைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "சோளம் வேற, சோயா வேற. இதுக்குத் தோலு வெங்காயச் சருகு மாதிரி. தண்ணியில போட்டா ஒரே மடக்கில குடிச்சுட்டு உள்ளயே வெடிச்சுடும். நான் தெளிக்கத்தானே சொன்னேன்?" என்றார். காய்ந்த விதையில் லேசாகத் தண்ணீர் தெளித்துச் சிவப்புத் தூளை முதலில் ஒட்டவைத்து, கருப்புப் பாக்கெட்டைக் கடைசியில், விதைக்கிற அன்றைக்கு, நிழலில் பூச வேண்டுமாம். வெயிலில் போட்டால் அந்த உயிர் செத்துப்போகுமாம். இதெல்லாம் கூட்டத்தில் சொன்னாராம். நான் பாலுக்கு எழுந்து வந்த பிறகு.

ராத்திரி விளக்கேற்றும்போது விட்டோபாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு செங்கல் மேல் நிற்கிறவர் என் தொட்டியை எட்டிப் பார்த்து நிறுத்தவா வருவார்? நிறுத்தச் சொல்லி ஒருத்தி வாசலில் நின்றாள். அவள் வாயைத்தான் நான் அடைத்தேன். அதையும் கோண்டாபாய் முன்னால்.

நீங்கள் இதைப் படித்துவிட்டு உடனே எதுவும் முடிவு செய்ய வேண்டாம். பரணில் ஒரு மூட்டை விதை இருக்கிறது. நான் எப்போதும் ஒன்றை எடுத்து வைப்பேன், தெரியுமே. பிராஜ்தார் நாளை வந்து முளைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். முழங்காலைக் கவனியுங்கள்.

மந்தாகினி

*

ஸ்ரீ விட்டலன் துணை

பிம்பள்தரி,
ஜூலை 6

உங்களுக்கு மந்தாகினி வணக்கம்.

நேற்று ஏகாதசி. இந்நேரம் மாமா சந்திரபாகையில் முழுகிக் கோயில் கலசத்தையாவது பார்த்திருப்பார். விரதத்துக்குப் பண்ணின ஜவ்வரிசிக் கிச்சடி முழுவதையும் சுலபாவுக்கே வைத்துவிட்டேன்.

பிராஜ்தார் மூன்று ஈரச் சாக்குகளை விரித்து ஒவ்வொன்றிலும் நூறு விதை வரிசையாக வைத்துச் சுருட்டிக் கட்டினார். ஒன்றில் நான் கெடுத்த விதையில் மிஞ்சியது. ஒன்றில் பரண் விதை, காய்ந்தபடி. மூன்றாவதில் அதே பரண் விதையில் கைப்பிடி எடுத்து அவர் சொன்ன முறையில் தூள் பூசியது. தினமும் காலையில் நான்தான் தண்ணீர் தெளித்தேன். ஆறாம் நாள் பிரித்தோம். என்னுடையதில் பத்தொன்பது முளைத்திருந்தது, அதிலும் பாதி நொண்டி. காய்ந்ததில் அறுபத்தெட்டு, ஆனால் ஓரத்தில் பூசணம். பூசியதில் எண்பத்து மூன்று. வேரெல்லாம் வெள்ளை வெளேரென்று, பிடித்து இழுத்தால் சாக்கோடு வருகிறது. அதைப் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது என்று எப்படி எழுதுவேன். அதே வீட்டு விதை, அதே தண்ணீர்.

லாத்தூர்க் கடைகளில் விதை தீர்ந்துவிட்டது. இரண்டு தடவை போய் வந்தேன். இனி ஒரு வாரத்துக்கு மேல் சோயா போட்டுப் பலனில்லை என்கிறார்கள். ஆக மிஞ்சியது அந்த ஒரு மூட்டை. ஒரு மூட்டைக்கு ஓர் ஏக்கர்.

நம் ஓர் ஏக்கரில் அதைப் போட்டு, மீதியைச் சும்மா போட்டுவைத்துக் குளிர்காலத்தில் சோளம் விதைத்தால், உங்கள் பென்ஷனோடு சேர்த்து ஒரு வருஷத்தை எப்படியோ தள்ளிவிடலாம். எத்தனை விதமாகக் கூட்டிப் பார்த்தாலும் கணக்கு கஷ்டப்பட்டாவது சரியாக வந்தது. நீங்கள் வந்துவிடலாம் என்றுதான் வந்தது.

நான் மூட்டையைத் தலையில் வைத்து இந்துவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் பாக்கரி தட்டிக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குக்கா இது? எடுத்துட்டுப் போ. மூத்தவர் பட்டாளத்திலேர்ந்து வரட்டும். ஒரு வருஷம் நான் கூலிக்குப் போனா தேஞ்சா போயிடுவேன்?"

"நான் கெடுத்தது, நான் குடுக்கறேன். நகரு."

"நல்லதுக்குத்தானே செஞ்சே. நானும்தானே கவுத்தேன்."

"நான் அதட்டினேன், நீ கவுத்தே. மூட்டை கனக்குதடி, நின்னு பேச முடியாது, நகரு."

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அழுதாள். நானும்தான். அடுப்பில் பாக்கரி கருகியது. அந்தக் கருகலையே இருவரும் மிளகாய்த் துவையல் வைத்துத் தின்றோம். மறுநாள் பிராஜ்தார் சொன்னபடி அவள் வேப்பமரத்து நிழலிலேயே, உள்ளங்கையால் மெல்லப் புரட்டிப் புரட்டிப் பூசினோம். கோண்டாபாய்கூட வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு உசல் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு முறம் புரட்டிக் கொடுத்தாள். விதைத்தாகிவிட்டது. அன்று சாயங்காலமே சன்னமாகத் தூறியது.

உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டால் கொடு என்றுதான் எழுதியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதில் வர இருபது நாளாகும். அதைவிட, அதை உங்கள் கையால் எழுத வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இரண்டு வருஷம்தானே. பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. சுலபாவிடம் இன்னும் சொல்லவில்லை. மாமா வந்ததும் அவரைச் சொல்லச் சொல்லலாம் என்று பார்க்கிறேன், இல்லை, நானே சொல்கிறேன். அடுத்த வருஷ விதைப்புக்கு நான் கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருப்பேன், பால் பொங்கினால் பொங்கட்டும்.

நீங்கள் வருத்தப்பட்டு ஒன்றும் எழுத வேண்டாம். போட்டாயிற்று என்று ஒரு வரி போதும். மேலே உயரத்தில் டூட்டி கொடுத்தால் முழங்காலைச் சொல்லிக் கீழே கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பாண்டுரங்கன் உங்கள் பக்கத்திலேயே நிற்கட்டும்.

நடுவில் நாலு நாள் லீவு கிடைத்தாலும் வாருங்கள். வருகிறேன் என்று தந்தி மட்டும் கொடுக்காதீர்கள். தபால்காரர் தந்தியோடு வந்தால், அதைப் பிரிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். சொல்லாமல் கொள்ளாமல் நீங்களே வந்து வாசலில் நில்லுங்கள்.

உங்கள்
மந்தாகினி