சொலோங்கோ சொன்ன சொல்

இந்திய–மங்கோலிய நட்புறவு நிலையம், செவ்வாய்க் கோள்
பதிவர்: கோமதிநாயகி சுடலைமுத்து, நிலவியலாளர்

நாள் 212 | 08:10

இருவரும் நலம். காற்றழுத்தம் சரி. துளைப்பொறி ஓடுகிறது. வடக்கே புழுதி தெரிகிறது, தொலைவில்தான்.

இன்று ஒப்பந்த ஆண்டு விழா. இங்கே என்னோடு இருக்கும் மங்கோலியத் தோழி சொலோங்கோ தமிழில் பேசுவாள், நான் மங்கோலியத்தில். ஒத்திகைப் பதிவை நேற்றே பூமிக்கு அனுப்பிவிட்டோம். மொழிபெயர்ப்புக் கருவி என் காதுக்குள் அசை அசையாகச் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். ஒருவர் மொழியை மற்றவர் கற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பயிற்சித் தேர்வையும் இப்படித்தான் கடந்தேன். சொலோங்கோவுக்குத் தெரியும். சிரித்தாளே தவிர யாரிடமும் சொல்லவில்லை. அவளோ, என் வீட்டாரோடு நான் பேசுவதைக் கேட்டே பாளையங்கோட்டைத் தமிழ் பேசுகிறாள்.

நாள் 212 | 08:55

நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் இரு நாட்டுக் கொடிகளும் நின்றால் படம் நன்றாக வரும் என்று சொலோங்கோவிடம் சொன்னேன்.

"புழுதி வருதுக்கா. நாளைக்கு நட்டுக்கிடலாமே."

"ரெண்டு நாடும் பாக்குது. சட்டுனு போய்ட்டு வந்துரு."

போயிருக்கிறாள்.

நாள் 212 | 10:20

புழுதி வந்துவிட்டது. சூரியத் தகடுகள் இருண்டன. கணினி உயிர்காப்பைத் தவிர எல்லாவற்றையும் அணைத்தது. பூமித் தொடர்பு இல்லை. மொழிபெயர்ப்புக் கருவியும் இல்லை. விண்வெளி உடையிலுள்ள வானொலி மட்டும் வேலை செய்கிறது.

சொலோங்கோ மேட்டுச் சரிவில் ஒரு வெடிப்புக்குள் விழுந்திருக்கிறாள். தலையில் அடி போலிருக்கிறது. தமிழ் வரவில்லை. மங்கோலியத்தில் பேசிக்கொண்டே இருக்கிறாள். "தமிழ்ல சொல்லுடீ" என்று கத்தினேன். பயனில்லை.

கயிறு எடுத்துக்கொண்டு போகிறேன்.

நாள் 212 | 13:40

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெடிப்பின் அருகே போனதும் அவள் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பாரும், பாரும்" என்று என் காதில் விழுந்தது. நடுநடுவே இருமினாள். தமிழ் திரும்பிவிட்டது, எதையோ பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பார்த்தேன். இடப்பக்கம் அவள் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் நடந்தேன்.

தரை உடைந்தது. நான் பின்னால் சாய்ந்து தப்பினேன். மண்ணும் பனிப்பாறையும் அவள் மேல் சரிந்தன.

மண்வெட்டி முறியும்வரை தோண்டினேன். என் காற்று தீரும் நிலையில் திரும்பினேன். வானொலியில் குரல் இல்லை.

அவள் ஒருநாளும் என்னிடம் "பாரும்" என்று சொன்னதில்லை. "பாருங்கக்கா" என்றுதான் சொல்வாள். அங்கே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாள் 214 | 09:15

புழுதி அடங்கியது. காலையில் அவள் உடலை எடுத்து வந்தேன்.

மின்சாரம் வந்ததும் வானொலிப் பதிவைக் கருவியில் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். இல்லை, போடத்தான் வேண்டும்.

அவள் சொன்னது 'பாரூன்'. வலப்பக்கம் என்று பொருள். கருவி தந்தது இது:

"வலப்பக்கம். வலப்பக்கமாக வாருங்கள். இடப்பக்கம் கீழே வெற்றிடம். விழுந்துவிடுவீர்கள். அக்கா. அக்கா."

நான் இருமல் என்று நினைத்தது 'எக்ச்சே'. அவர்கள் மொழியில் அக்கா என்று கூப்பிடுவது அப்படித்தானாம். இருநூறு நாளுக்கு மேல் ஒரே கூரையின்கீழ் இருந்தோம். அது கூட எனக்குத் தெரியவில்லை.

நாள் 214 | 11:30

முழு அறிக்கை அனுப்பினேன். கொடி என் யோசனை. தேர்வில் ஏமாற்றியது நான். இரண்டையும் எழுதினேன். பூமியிலிருக்கும் இரு நாட்டுக் கூட்டுக் குழுவின் மறுமொழி:

"ஆழ்ந்த இரங்கல். மொழி பற்றிய பகுதிகளை நீக்கி மீண்டும் அனுப்பவும். உங்கள் ஒத்திகையைத்தான் விழாவில் ஒளிபரப்பினோம். இரு நாட்டிலும் பெரும் வரவேற்பு. சொலோங்கோவின் தாயாருக்கு இன்னும் செய்தி சொல்லவில்லை. நீங்கள் சொல்வதே முறை. மங்கோலிய உரை எழுதித் தருகிறோம், கருவியின் உதவியோடு வாசித்தால் போதும்."

நீக்க மாட்டேன் என்று பதில் அனுப்பினேன்.

நாள் 214 | 12:05

தேங்கியிருந்த செய்திகளுள் ஒன்று அவளுடைய அம்மாவிடமிருந்து. விழா நாளன்று அனுப்பியது. தமிழில்.

"கோமதி, நான் சொலோங்கோ அம்மா. அவ எனக்குக் கொஞ்சம் தமிழ் சொல்லித் தந்தா. தப்பு இருந்தா மன்னிச்சிக்கோ. நீ எங்க பாஷை பேசுனத டிவியில பாத்தேன். அழுதுட்டேன். அவ்வளவு தூரத்துல என் மக பேசுனா வெளங்கிக்க ஒரு ஆள் இருக்கு. இனிமே எனக்குப் பயம் இல்ல. ரெண்டு பேரும் சாப்ட்டீங்களா?"

நாள் 214 | 12:50

குழுவின் உரை வந்தது. அழகான உரை. அழித்துவிட்டேன். காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அந்த அம்மாவுக்குத் தெரிந்த அளவுத் தமிழில், சின்னச் சின்னச் சொற்களாகச் சொல்லப்போகிறேன். மூன்று முறை பதிவைத் தொடங்கி நிறுத்தினேன். முகம் தெரிய வேண்டாம் என்று கேமராவை மூடினேன். பிறகு திறந்தேன்.

"அம்மா, எனக்கு உங்க பாஷை தெரியாது. டிவியில பேசுனது நான் இல்ல."

இதுவரை சொல்லிவிட்டேன். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து