மதகை அடைத்த மன்னருக்கு

நீர்வளம் குன்றாத பொன்மணலூரின் அரசி, ஒன்பது குளம் காக்கும் காரிநங்கை, சேலாற்றின் அக்கரையில் பாடிவீடு அமைத்துத் தங்கியிருக்கும் கருங்கோட்டு மன்னர் வச்சிரதேவருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பொய்யாதிருக்கட்டும்; தங்கள் குடிகள் நலமே வாழட்டும். அவர்கள்மேல் நமக்குப் பகை இல்லை.

பேரேரியின் மதகைக் கல்லிட்டு அடைத்துவிட்டதாகவும், நா வறண்டு நாமே கோட்டைக் கதவைத் திறப்போம் என்றும் தங்கள் தூதர் நம் அவையில் முழங்கினார். அவர் திரும்பும் வழியில், படித்துறையில் துணி துவைத்த பெண்கள், “என்ன தூதரே, தொண்டை கம்முது? ஒரு குடம் மொண்டு தரட்டுமா? உங்க ராசாவுக்கும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க!” என்றார்களாம். அவர் அதைத் தங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஆகவே நாம் சொல்கிறோம்.

கருங்கோட்டில் எல்லா வழியும் அரண்மனை வாசலில் முடியும். அந்தப் பழக்கத்தில், பெரியதை அடித்தால் எல்லாம் விழும் என்று கணக்கிட்டீர்கள். இங்கே அப்படியில்லை. நம் குளம் ஒவ்வொன்றும் அண்டைக் குளங்களோடு குறுக்கு வாய்க்கால்களால் கைகோத்து நிற்கிறது. பேரேரி நின்றால், மலையோடை நீர் மற்ற குளங்களைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் வரும். தாமரைக் குளத்தில் தங்கள் வீரர் நஞ்சைக் கலந்தார்கள். வாய்க்கால் பலகைகளை இறக்கி அதைத் தனியே அடைத்தோம். கெட்டது அந்த ஒரு குளம்தான்.

அது இருக்கட்டும், மன்னரே. இக்கரைக்கு வந்த தங்கள் படை எதைத் தின்கிறது? அரிசியும் அம்பும் வைக்கோலும் சேலாற்றின் ஒரே மரப்பாலத்தின் வழியாகத்தானே வருகின்றன? அடைத்த மதகின் நீர் எங்கே போகும் என்று தங்கள் பாசறையில் ஒருவராவது யோசித்தாரா? ஏரி நிரம்பியது, மிகுநீர் மறுகால் வழியே பாய்ந்தது, வெள்ளம் முழுவதும் சேலாற்றில் இறங்கியது.

ஆகையால் ஆணையிடுகிறோம்: இக்கரையில் நிற்கும் தங்கள் வீரர்கள் மதகின் கற்களைத் தம் கையாலேயே அகற்றி, வேல்களை ஏரிக்கரையில் கிடத்த வேண்டும். அவர்களுக்குச் சோறும், ஆறு வடிந்ததும் ஊர் திரும்ப ஓடமும் தருவோம். மறுத்தால் பட்டினி அவர்களுடையது, பழி தங்களுடையது. கோட்டைக் கதவு திறக்காது.

ஒன்பது குள முத்திரை பதித்தோம். ஓலை ஈரமாயிருப்பதைப் பொறுத்தருள்க. கொண்டு வருபவர் நீந்தி வருகிறார். தங்கள் பாலம் இன்று விடியலில் போய்விட்டது. படைக்கு அனுப்பும் கட்டளையையும் அவரிடமே கொடுத்தனுப்புக. இக்கரைக்குத் தங்களுக்கு வேறு வழியில்லை.