கூட்டம் ஏறிய பிறகு போய் சூப் கேள்

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கே சாப்பிடலாம், என்ன கேட்டு வாங்கலாம் என்று வாராவாரம் பத்திரிகையில் ஊருக்கே சொல்கிற நீ, உன் வயிற்றையும் கவனித்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம், என் வயிற்றெரிச்சலைத் தவிர. அது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை. உன் அக்காவுக்கு மசக்கை ஓய்ந்துவிட்டது, கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிடுகிறாள், மாப்பிள்ளைதான் சமைத்துச் சமைத்து இளைத்துப்போனார். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. உங்கப்பா அதற்கடியில் வாளியை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கடையை விட்டு வந்ததிலிருந்து அவருக்கு எதையாவது காவல் காத்தால்தான் பொழுது போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் சித்தப்பா வீட்டுக்கு வந்தான். வந்தான் என்றுதான் எழுதுவேன், இந்தக் கடிதத்தில் அவனுக்கு மரியாதை கிடையாது. கை நிறையப் பழம், வாய் நிறையச் சிரிப்பு. உங்கப்பாவைக் கடையை விட்டு அனுப்பிய பிறகு இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவன், என் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அண்ணி, பையன் நம்ம ஊர்க் கடைங்களைப் பத்தியும் எழுதப் போறானாமே, நம்ம கடையைப் பத்தி ரெண்டு வரி நல்லதா எழுதச் சொல்லுங்க என்கிறான். நம்ம கடையாம்! எனக்குக் கை துறுதுறுவென்று வந்தது. காபியை அவன் தலையில் கொட்டாமல் கையில் கொடுத்ததே பெரிய காரியம். அதுக்கென்ன, சொல்றேன் என்று சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தேன். உங்கப்பாவோ, எழுதட்டுமே, என்ன இருந்தாலும் தம்பி இல்லையா என்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

நீ அப்போது வெளியூரில் இருந்தாய், நடந்ததை உங்கப்பா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பார். எலும்பு சூப் தீர்ந்தால் அண்டாவைக் கழுவி வாசல் படியில் கவிழ்த்து வைப்பாரே, தெருவே அதைப் பார்த்துவிட்டு, இன்னைக்கு அவ்வளவுதான் என்று நாளைக்கு வருமே, அதுதான் அவனுக்கு ஆகவில்லை. அன்றைக்கு வாசலில் வரிசை நிற்கும்போது அவர் அண்டாவைக் கவிழ்த்தார். இவன் அதை நிமிர்த்தித் தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றச் சொன்னான். அவர் முடியாது என்றார். வேலைக்காரர்கள், வாடிக்கைக்காரர்கள் எல்லோர் முன்னாலும், வர்ற கூட்டத்தை விரட்டுற தரித்திரம், இனிமே கடைப் பக்கம் வராதே என்றான். கடை அவன் பேரில். உங்கப்பா ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்தார். ஆனால் பலகையில் இன்னும் 'அண்ணன் கடை சூப்' என்றுதான் இருக்கிறது. அண்ணனை விரட்டிவிட்டு அண்ணன் பேரில் தண்ணீர் விற்கிறான். காய்கறிக் கடையில் ஒருத்தி, உங்க வீட்டுக்காரருக்குக் கைப்பக்குவம் போயிடுச்சா, சூப்பு கழனித் தண்ணி மாதிரி இருக்கே என்று என்னிடமே கேட்டாள். அன்றைக்கு இரவு நான் சாப்பிடவில்லை.

நீ பொய் எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரியும், ஒரு பொய்யும் வேண்டாம். கெடுதலாகவும் எழுதாதே, அண்ணன் மகன் பழி தீர்த்துக்கொண்டான் என்று ஊரிடம் அழுது அவன் நல்லவனாகிவிடுவான். அவன் கடையில் பாத்திரம் கழுவுகிற பெண்ணிடம் சொல்லி இரண்டு வேளை சூப் வாங்கிவரச் செய்து குடித்துப் பார்த்தேன். காலையில் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கப்பா பழக்கிய ஆள்தான் இன்னும் அடுப்பைப் பார்க்கிறான், அது நன்றாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிந்தது. மத்தியானக் கூட்டம் ஏறியதும் இவன் கையாலேயே குடம் குடமாகத் தண்ணீர், அது தெரியாமலிருக்கச் சோளமாவு, மேலே ஒரு பிடி உப்பு. அதனால் நீ காலையில் போகாதே. மீன் வறுவல், கோழி என்று எதையாவது காட்டுவான், அவற்றைச் சீண்டாதே. கூட்டம் ஏறிய பிறகு போய் உட்கார்ந்து சூப் கேள், குடித்ததைக் குடித்தபடி எழுது. அண்ணன் இப்போது அங்கே இல்லை, இது முழுக்க முழுக்கத் தம்பியின் கைப்பக்குவம் என்பதை மட்டும் மறக்காமல் முதல் வரியிலேயே போடு. பேர் வேண்டும் என்றுதானே பழத்தோடு வந்தான், முழுப் பேரையும் அவனுக்கே கொடுத்துவிடு. என் புருஷன் பேர் எனக்குத் திரும்பி வந்தால் போதும்.

நீயும் அங்கே கண்ட இடத்தில் சாப்பிடாதே. ஈ ஓட்டுகிற கடையில் மீன் வேண்டவே வேண்டாம். எந்தக் கடைக்குப் போனாலும் பரிமாறுகிற பிள்ளைகள் தங்களுக்கு எதை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்று பார், அதையே கேள். இரவு வெறும் ரொட்டியோடு படுக்காதே.

நோய்நொடி இல்லாமல், கைநிறையச் சம்பாதித்து, நாலு பேர் மதிக்க நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே.

மறக்காமல் ஒன்று செய். லீவுக்கு வரும்போது அந்தத் தாடியை மழித்துவிட்டு வா. தாடி இல்லாவிட்டால் நீ அச்சு அசல் உங்கப்பா. உனக்கென்றால் சூப் கிண்ணத்தை உன் சித்தப்பனேதான் கொண்டுவந்து வைப்பான், நீ முதல் வாய் குடித்ததும் எப்படி இருக்கிறது என்று உன் முகத்தைப் பார்ப்பான். நீ ஒன்றும் பேச வேண்டாம். நன்றாகப் பார்க்கட்டும்.

உன் அம்மா