மூக்கால் சாப்பிடும் காளான்

நவம்பர் 4, செவ்வாய்

இரும்பை ரோட்டில் இருக்கும் எங்கள் இத்தாலி ஓட்டலுக்கு இன்று டிரஃபிள் வந்தது. பார்க்கச் சேப்பங்கிழங்கு மாதிரி. உண்மையில் மண்ணுக்குள் மரத்தின் வேரோரம் விளையும் காளானாம். நாய் மோப்பம் பிடித்துக் காட்டினால்தான் தோண்டுவார்களாம். சமைக்கக் கூடாது. வெண்ணெய் போட்ட சூடான பாஸ்தா மேல் மெல்லிசாகச் சீவ வேண்டும், அவ்வளவுதான். முதலாளி கலீல் பாய் பத்து வருஷம் இத்தாலியில் சமைத்தவர். "நாக்குக்கு இதுல ஒண்ணும் இல்ல பிரபாவதி. எல்லாம் மூக்குக்குத்தான்" என்றார்.

உதவிக்கு இருக்கும் மலர்விழி மோந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். பெரிய அடுப்பு என் பொறுப்பு என்பதால், தினமும் காலையில் அதை மோந்து, கெட்டதா இல்லையா என்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.

மூன்று வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சலில் என் மூக்கு போய்விட்டது. யாருக்கும் சொல்லவில்லை.

நவம்பர் 5

"நல்லா இருக்கு பாய்." பொய் ஒன்று.

நவம்பர் 6

பொய் இரண்டு. மலர்விழியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். நாளை அவள் லீவு.

வீடு திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூட முடியவில்லை. சொன்னால் வேலை போகும். வாசனை தெரியாதவளை எந்த ஓட்டலில் சேர்ப்பார்கள்? விழுப்புரத்தில் ஹாஸ்டலில் இருக்கும் என் மகள் கலைப்பிரியா இன்னும் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஒருநாள் அழுகியதைச் சீவி யாருக்காவது போடுவேன். எப்படி வந்து மாட்டிக்கினேன் இதுல?

நவம்பர் 7

மூன்று. அமுக்கிப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. அதை நம்பிச் சொன்னேன்.

நவம்பர் 8

டிரஃபிளை அரிசிக்குள் புதைத்து வைப்பது வழக்கம். வாசம் அரிசியில் இறங்கும். அதில் ஒரு பிடியை என் வீட்டுக்கென்று பாய் கொடுத்தார். உலையில் போட்டேன். ஹாஸ்டலிலிருந்து வந்த கலைப்பிரியா பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து சிலிண்டரை மூடினாள். "கேஸு நாறுது, நீ பாட்டுக்கு அடுப்பாண்ட நின்னுக்கினு இருக்க?"

டிரஃபிளுக்குக் கேஸ் மாதிரி வாடை என்று பாய் சொல்லியிருந்தார். கேஸ் இல்லை, அரிசிதான் என்று பானையைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. வாசனையே தெரியவில்லையா என்று கேட்டாள். அழுதுவிட்டேன்.

"நெஜமாவே லீக்கானா என்னம்மா பண்ணுவ?"

நவம்பர் 10

பாய் டிரஃபிள் டப்பாவை நீட்டினார். "தெரியல பாய். மூணு வருஷமா எனக்கு எந்த வாசனையும் தெரியாது" என்றேன். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 11

பெரிய அடுப்பும் டப்பாவும் இனி மலர்விழிக்கு. வலித்தது, அதை மறைக்க மாட்டேன். பாய் சீவுகத்தியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "மோந்து சொல்றது அவ வேலை. சீவுறது உன் கைதான்."

ஒன்பது தட்டு சீவினேன். ஒரு சீவல்கூடத் தடிமனாக விழவில்லை.

பஸ்ஸில் தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பியபோது நான் இறங்க வேண்டிய திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் வந்திருந்தது.