இரண்டாவது பொட்டலம்

அன்புள்ள மகனுக்கு,

இத்தனை நேரம் கழித்து உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், வீட்டில் எல்லோரும் படுத்தால்தான் எனக்கு மேசையும் கிடைக்கிறது, மனதில் இருப்பதும் வெளியே வருகிறது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், அதை அப்படியே நம்பிவிடாதே. நீ நலமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கு இடுப்புவலி பரவாயில்லை, மூக்குக்கண்ணாடிக் கடையில் உயரமான நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார், அதில் ஏறி உட்கார்ந்தால் தீர்ப்பு சொல்லப்போகிறவர் மாதிரி இருக்கிறார் என்று உன் மாமா கேலி செய்கிறான். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். செய்தி அவ்வளவுதான். இனி வருவதை உட்கார்ந்து படி. வழக்கம்போலக் கையில் மடக்குக் கத்தியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் அதைக் கீழே வை.

கொட்டையை எடைபோட்டு அரைத்துக் காபி வடிப்பது, விதவிதமாக மடக்குக் கத்தி வாங்கி அடுக்குவது, இந்த இரண்டையும் நான் ஒருநாளும் தடுத்ததில்லை. ஒரு ஆப்பிளைக்கூட நறுக்கித் தின்னாதவனுக்கு எதற்கு இத்தனை கத்தி என்று மாமா கேட்டபோதுகூட உனக்காகத்தான் பேசினேன். நீ விட்டுவிட்டுப் போன நீள மூக்குக் கெண்டியையும் குட்டித் தராசையும் உன் தங்கை எடுத்துக்கொண்டாள், கேட்காமல் எடுத்தது தப்புதான். ஆனால் அவள் உன்னைப்போல் ஊற்றும்போது படம் எடுத்துக்கொண்டிருக்கவில்லை, கண்ணை மூடிக் குடித்துப் பார்த்தாள். ஃபிரிட்ஜில் வெங்காயம் திறந்து கிடந்ததைப் பாலைக் குடித்தே சொல்லுவாள், தண்ணீர்த் தொட்டி கழுவிய அன்று முதல் வாய் தண்ணீரிலேயே முகம் சுளிப்பாள். காபிக்கொட்டை வாங்கி விற்கும் நிறுவனத்தில் ருசி பார்க்கும் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தானே எழுதிப்போட்டாள், முதல் சுற்றில் தேறினாள், எங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குத்தான் போன் செய்தாள். அதே மாதிரி வேலைக்கு நீ இருக்கும் ஊரில் போய் முதல் சுற்றிலேயே திரும்பி வந்தவன் நீ. அது உனக்கு உறுத்தியது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, பெற்றவளுக்கே தோன்றவில்லை பார்.

அப்புறம் உன் பார்சல் வந்தது. உன் கையெழுத்தில் ஒன்று, இரண்டு என்று எழுதிய காகிதப் பொட்டலங்கள், அப்பாவுக்கு எண்ணெய் பூசித் துணியில் சுற்றிய மடக்குக் கத்தி. ஒன்று அபூர்வமான கொட்டை, மற்றது கடைச்சரக்கு, எது எது என்று கண்டுபிடிக்கட்டும் என்றாய். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி நிற்க, நீ போன் திரையில் இருக்க, அவள் இரண்டையும் வடித்துக் குடித்துவிட்டு, இரண்டாவதை மறுபடி ஒரு வாய் எடுத்தாள். பிறகு, "ரெண்டாவதுல லேசா கிராம்பு வாசம் வருது அண்ணா" என்றாள். நீ உடனே சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். வேறென்ன, இன்னும் என்ன என்று கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணை முழுசாகப் பேசவைத்தாய். அதற்குப் பிறகுதான், "ரெண்டும் ஒரே மூட்டைடி லூசு, நான்தான் பிரிச்சுக் கட்டினேன். கிராம்பாம் கிராம்பு" என்றாய். அப்பா இருமல் வரும்வரை சிரித்தார், நான் சிரிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நீ அதைப் பதிவு செய்து உன் காபிக் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்புவாய் என்று யாருக்குத் தெரியும். எவனோ அவள் மூக்கில் கிராம்பு குத்திப் படம் செய்தானாம், அது சுற்றிச் சுற்றி அவள் கல்லூரி வகுப்புக்கே வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவள் பேரே கிராம்பு. கிராம்பு, கடைச்சாவி எங்கே என்கிறார் அப்பா. மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன கிராம்பு, இன்னைக்குப் பச்சைத்தண்ணியில என்ன வாசம்?" என்கிறான். அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள். கெண்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். எதைக் கொடுத்தாலும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறாள், நாக்கு நுனி தோலுரிந்து வெளுத்துக் கிடக்கிறது. ஏண்டி இப்படி என்று பிடித்துக் கேட்டதற்கு, "சூடா குடிச்சா ஒண்ணும் தெரியாதும்மா, நிம்மதியா இருக்கு" என்றாள்.

போன வாரம் அப்பா அந்தக் கத்தி அழுக்குப் பிடித்திருக்கிறது, துடைத்துக் கொடு என்று நீ சுற்றி அனுப்பிய துணியோடு என்னிடம் தந்தார். துணியைப் பிரித்தேன், குப்பென்று கிராம்பு. இயந்திர எண்ணெயில் கிராம்புத் தைலம் சில சொட்டு விட்டால் துருவும் பிடிக்காது, கையும் மணக்கும் என்று நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய், என் நல்ல துண்டை அதில் பாழாக்கியவனும் நீதான். எழுந்துபோய் இரண்டாவது பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் கத்தியின் நீளத்துக்கு எண்ணெய்க் கறை. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைக் காபிக்கொட்டை இழுத்துக்கொள்ளும், உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் படித்த வேதியியல் இதற்காவது உதவியது. வழி முழுக்க அந்தக் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது இரண்டாவது பொட்டலம், ஒன்றாவதில் ஒரு பொட்டுக் கறை இல்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி. அவளைச் சிக்கவைக்க உன் கையால் கட்டிய பார்சலில், உன் கையால் பூசிய எண்ணெயை, யாருக்கும் தெரியாததை அவள் நாக்கு கண்டுபிடித்தது. நீ கத்தியும் காபியுமாகவே வாழ்கிறவன், உனக்கு அது புத்தியில் தட்டவில்லை.

இதை நான் யாருக்கும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. நான் சொன்னால் பெற்றவள் சமாதானம் சொல்கிறாள் என்றுதான் நினைப்பாள், கேலி செய்த உன் வாய்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் மனசு கேட்காமல் இன்று சாயங்காலம் இரண்டு பொட்டலத்திலும் மீதி இருந்ததை வடித்து, நன்றாக ஆறவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவள் முன்னால் வைத்தேன். முதல் கப்பைக் குடித்து முடித்தாள். இரண்டாவதை ஒரு வாய் எடுத்தாள், விழுங்காமல் கொஞ்சநேரம் வைத்திருந்தாள், அவள் முகம் எனக்குத் தெரியாதா. பிறகு விழுங்கிவிட்டு, "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று கப்பைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாக்கு செத்துப்போயிருந்தால்கூட ஆறிவிடும் என்று இருந்திருப்பேன், இவள் தெரிந்தே இல்லை என்கிறாள்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் அவளுக்குக் கடைசிச் சுற்று, போகமாட்டேன் என்கிறாள். போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்புவாய் என்றுதான் எழுதுகிறேன். அந்தப் பதிவை எங்கே அனுப்பினாயோ அங்கேயே, அவளிடம் தோற்றது நீ என்று எழுது, பிறகு அவளுக்குச் சொல். சும்மா விளையாட்டுக்குச் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே, அப்படிச் சொன்னால் உன்னைப் பெற்றதும் விளையாட்டுக்குத்தான் என்று நான் எழுத வேண்டிவரும்.

குளிர்காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. கத்தியையும் வாயில் வைக்கிற பொருளையும் இனி ஒன்றாகக் கட்டாதே. நூறு வயது நன்றாக இரு, அதில் ஒரு நாளாவது அண்ணனாக இரு.

இப்படிக்கு,
உன்னையும் அவளையும் பெற்ற அம்மா

சீக்கிரம் பதில் எழுது.